இரண்டு முறை பூட்டிய கொக்கி

உயரமான கட்டடங்களில் வெளிப்பக்கக் கண்ணாடி துடைக்கப் போகிறவர்கள் உடம்பில் ஒரு பட்டை அணிவார்கள். அதன் வளையம் முதுகில் இருக்கும். பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியை அதில் தானே மாட்டிக்கொள்ள முடியாது, கூட வருகிறவர்தான் மாட்டிவிட வேண்டும். அன்று காலை மொட்டைமாடியில் பாஸ்டரின் முதுகில் கொக்கியை மாட்டியவர் அவருடைய தங்கை புருஷன். ஏழு மாதமாக அவரிடம் ஒரு வார்த்தை பேசாதவர்.

பாஸ்டர் நிஜத்தில் பாஸ்டர் இல்லை. வேலையிடத்தில் வைத்த பட்டப்பெயர் அது. சாப்பாட்டு நேரத்தில் யார் குடிக்கிறார்கள், யார் பொய் சொல்கிறார்கள், யார் எங்கே போய் எரியப் போகிறார்கள் என்று அவர் விலாவாரியாகச் சொல்வார். "பாஸ்டர் பக்கத்துல உக்காந்தா சோறு இறங்காதுப்பா, வேர்வைதான் இறங்கும்" என்று மற்றவர்கள் சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் உலகம் வெறுக்கத்தான் செய்யும் என்று அவர் தன்னைத் தேற்றிக்கொள்வார்.

ஏழு மாதத்துக்கு முன் தங்கையின் இரண்டாவது குழந்தை காய்ச்சலில் இறந்தது. மூன்று மாதப் பெண் குழந்தை. அடக்கம் முடிந்து எல்லோரும் கூடத்தில் வாயடைத்து உட்கார்ந்திருந்தபோது, பாஸ்டர்தான் பேசினார். "இந்த வீட்டுல ஜெபம் இல்லை. அதான் ஆண்டவர் கை வெச்சுட்டார்." தங்கை அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகு அவர் போன் செய்தால் எடுப்பதில்லை.

அன்று பாஸ்டரோடு வழக்கமாக வேலை செய்கிறவருக்கு உடம்பு சரியில்லை. மேற்பார்வையாளர் பட்டியலைப் பார்க்காமலே, "நீங்க ரெண்டு பேரும் சொந்தம்தானே, சேர்ந்து இறங்குங்க" என்று சொல்லிவிட்டார்.

முதுகில் கொக்கி 'டக்' என்று விழும் சத்தம் கேட்டது. ஒரு கணம் கழித்து அது கழன்றது. பிறகு மறுபடியும் 'டக்'. ஏன் கழற்றினார்? பாஸ்டரால் திரும்பிப் பார்க்க முடியவில்லை, கேட்கவும் வாய் வரவில்லை. கூண்டு போன்ற அந்த இரும்பு மேடையில் ஏறி, இரு பக்கமும் மோட்டார் உறும, இருவரும் கண்ணாடிச் சுவரை ஒட்டிக் கீழே இறங்கினார்கள். பாஸ்டர் நுரை பூசினார். மாப்பிள்ளை ரப்பர் கட்டையால் இழுத்துத் துடைத்தார். பாஸ்டரின் நினைவெல்லாம் முதுகிலேயே இருந்தது. சரியாகப் பூட்டியிருப்பாரா? பூட்டுவது போலச் சத்தம் மட்டும் காட்டியிருந்தால்? பிள்ளையைப் பறிகொடுத்தவர். அந்த வார்த்தையைக் கேட்டவர். அவர் இடத்தில் தான் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்தபோது, பாஸ்டர் ஒரு கையால் தடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

பத்தொன்பதாவது மாடிக்கு வந்தபோது, பாஸ்டர் நின்ற பக்கத்து மோட்டார் கிறீச்சிட்டது. அடுத்த நொடி காலடியில் தரை இல்லை.

கூண்டின் அந்த முனை ஆளுயரத்துக்குச் சரிந்து, ஒரு குலுக்கலோடு நின்றது. அவசரப் பூட்டு, கூண்டு தொங்கும் கம்பியைக் கவ்விப் பிடித்திருந்தது. சோப்புத் தண்ணீர் வாளி உருண்டு விளிம்பைத் தாண்டியது. அது தரையில் விழுந்த சத்தம் வர நெடுநேரம் ஆனதுபோல் இருந்தது. பாஸ்டர் கம்பித் தடுப்பில் தொங்கினார். 'செஞ்சுட்டான்' என்றுதான் முதலில் தோன்றியது.

அப்போது மேலிருந்து ஒரு கை அவருடைய சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தது.

"மச்சான், காலை அந்தக் கம்பியில வைங்க. கீழ பாக்காதீங்க. என்னைப் பாருங்க."

பாஸ்டர் காலை வைத்தார். மாப்பிள்ளை அவரை மேல்முனைக்கு இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் அலுவலகம். ஒரு பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இன்னொருவர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வாக்கிடாக்கியில் மேற்பார்வையாளரின் குரல், மெக்கானிக் வந்துகொண்டிருக்கிறார், யாரும் அசைய வேண்டாம் என்றது.

காற்று வீசும்போதெல்லாம் கூண்டு கண்ணாடியில் இடித்தது.

"மாப்பிள்ளை, என் கொக்கி..."

"மாட்டியிருக்கேன். ரெண்டு தடவை மாட்டினேன்." அவர் பாஸ்டரின் முதுகுக் கயிற்றை ஒருமுறை இழுத்துக் காட்டினார். "முதல் தடவை மாட்டினப்போ, மாட்டாம விட்டா யாருக்குத் தெரியப்போகுதுன்னு ஒரு நினைப்பு வந்துச்சு மச்சான். என்னைப் பாத்து எனக்கே பயமாயிடுச்சு. கழட்டி, நல்லாப் பாத்து, திரும்பப் பூட்டினேன்."

பழக்கம் பொல்லாதது. 'இந்த நேரத்துலயாவது மனந்திரும்புங்க' என்ற வாசகம் தானாகப் பாஸ்டரின் வாய்வரை வந்துவிட்டது. மாப்பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"இப்பவும் நரகத்தைப் பத்தித்தான் சொல்லப் போறீங்களா? வேணாம். ஏற்கெனவே பயந்துபோய் உக்காந்திருக்கேன்."

"இல்லை. எனக்கும் பயம்தான். உங்களைவிடப் பயம்" என்றார் பாஸ்டர். அதைச் சொன்னதும் அவருக்கு அழுகை வந்தது. "நான் செத்தா ஆண்டவர்கிட்ட போவேன்னு தினம் சொல்றேன். ஆனா இப்போ கை காலெல்லாம் வெலவெலக்குது, பாருங்க."

மாப்பிள்ளை அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பாஸ்டர் பேச ஆரம்பித்தார். தங்கைக்குக்கூடத் தெரியாத கதை. பதினாறு வருஷத்துக்கு முன் அவர் குடித்துவிட்டுப் பேருந்து நிலையத்தில் வாந்தியில் கிடந்தார். ஒரு தையல்காரர் அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டி, தன் சட்டையைப் போட்டுவிட்டார். நாலு நாள் வீட்டில் வைத்திருந்தார். ஏன் குடிச்சே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அஞ்சாம் நாள் நானே கேட்டேன், ஏன்யா இதெல்லாம் செய்றீங்கன்னு. அப்பதான் அவர் இயேசுவைப் பத்திச் சொன்னாரு. அதுவும் ரெண்டே நிமிஷம். அவர் அன்னிக்கு ஒரு வார்த்தை திட்டியிருந்தா நான் ஓடிப்போயிருப்பேன் மாப்பிள்ளை."

"இதை நீங்க ஒரு நாளும் சொன்னதில்லையே."

"வெட்கம். நான் கிடந்த கிடப்பைச் சொல்லணுமே. அதனால மத்தவங்க கிடப்பையே சொல்லிட்டிருந்தேன்."

கம்பி முனகியது. கூண்டு விரலளவு இறங்கி நின்றது. இருவரும் ஒருவரையொருவர் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே நின்ற பெண் அலறுவது கண்ணாடி வழியே சத்தமில்லாமல் தெரிந்தது.

"ஜெபம் பண்ணட்டுமா?" என்று பாஸ்டர் கேட்டார். அவர் யாரிடமும் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

"எனக்காகப் பண்ண வேணாம். உங்களுக்குப் பண்ணிக்குங்க. ஆனா சத்தமாப் பண்ணுங்க, எனக்கும் கேக்கட்டும்."

பாஸ்டரின் வழக்கமான ஜெபம் கால்மணி நேரம் போகும். அன்று நாலு வரிதான் வந்தது. "ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. பாப்பா செத்த அன்னிக்கு உம்ம பேரைச் சொல்லி நான் பொய் சொன்னேன். இவங்க ரெண்டு பேரையும் வதைச்சேன், மன்னியும். இவரைப் பத்திரமா என் தங்கச்சிகிட்ட கொண்டுபோய்ச் சேரும்." மாப்பிள்ளை ஆமென் சொல்லவில்லை. பிடித்த மணிக்கட்டை விடவும் இல்லை.

முக்கால் மணி நேரம் கழித்து மெக்கானிக் வாக்கிடாக்கியில் வழி சொன்னார். நன்றாக இருக்கும் மோட்டாரில் பிரேக்கைத் தளர்த்தும் கைப்பிடியைத் தூக்கி, அந்த முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். மாப்பிள்ளை கைப்பிடியைப் பிடித்தார். பாஸ்டர் அவர் இடுப்பைப் பிடித்தார். கூண்டு மெல்ல மட்டத்துக்கு வந்தது. பராமரிப்பு ஆட்கள் உள்ளிருந்து ஒரு கண்ணாடியைக் கழற்றி இருவரையும் இழுத்துக்கொண்டார்கள். தரைவிரிப்பில் முட்டிபோட்ட பாஸ்டர் எழுந்திருக்கவே இல்லை. அவர் ஜெபிக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் கால் நிற்கவில்லை.

"வீட்டுக்கு வாங்க" என்றார் மாப்பிள்ளை. "என்கிட்ட சொன்னது போதாது."

தங்கையின் வீட்டு மாடிப்படி ஏறும்போது, கூண்டின் தடுப்பைப் பிடித்ததைவிட இறுக்கமாகப் பாஸ்டர் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்திருந்தார். தங்கை அடுப்பங்கரையில் இருந்தாள். புருஷன் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் சொன்னது ஆண்டவர் சொன்னதில்லைம்மா. அது என் வாய். நான் செஞ்சது பெரிய தப்பு" என்றார் அவர். அதற்கு மேல் ஒரு விளக்கமும் சேர்க்கவில்லை.

அவள் உடனே அழவில்லை, மன்னிக்கவும் இல்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள். "ஏழு மாசமா மூத்தவளுக்கு உடம்பு லேசா சுட்டாலே எனக்கு உயிர் போகுது அண்ணா. ஜெபம் பண்ணலாம்னு நினைப்பேன். ஆனா நான் வாயைத் திறந்தா, ஓ, இங்க இன்னொரு பிள்ளை இருக்குன்னு ஆண்டவருக்கு ஞாபகம் வந்துடுமோன்னு பயம். சத்தம் காட்டாம இருந்துடுறேன்."

தான் இந்த வீட்டில் விட்டுவிட்டுப் போனது எப்படிப்பட்ட பயம் என்று அப்போதுதான் பாஸ்டருக்குத் தெரிந்தது.

"பாப்பா ஏன் போனா அண்ணா?"

"தெரியலைம்மா."

"உனக்கா தெரியலை?"

"எனக்குத் தெரியலை. குழந்தைங்களை இயேசு விரட்டினதில்லை, மடியில வெச்சுக்கிட்டார். அதை மட்டும் நம்புறேன். அதையும் நீ இப்பவே நம்பணும்னு நான் சொல்லலை."

அவள் நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டாள். "உக்காரு. கை இன்னும் ஆடுது" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் வாரம் ஒருமுறை அங்கே போனார். போகும் வழியெல்லாம், இன்று ஏதாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயம் இருந்துகொண்டே இருந்தது. பெரும்பாலும் மூத்தவளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். மூன்று மாதம் கழித்து, மூத்தவள் சளியோடு படுத்திருந்த ஒரு மாலையில், தங்கை அவரைக் கூப்பிட்டு, "அண்ணா, நீ ஜெபம் பண்ணு. மெதுவாப் பண்ணு. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றாள். மாப்பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்திருந்தார். பாஸ்டர் பேச ஆரம்பித்ததும், கேட்பதற்கு வசதியாக அதை மடித்து வைத்துவிட்டார்.