பன்னிரண்டோடு நிறுத்து

இருபத்து நாலு பேர் இருந்த நகரசபையை, செலவு கட்டுப்படியாகவில்லை என்று பன்னிரண்டாகக் குறைத்தார்கள். மிச்சமான உறுப்பினர் படிப்பணத்தில் தலைவர் அறைக்கு ஏசி வந்தது. போகட்டும். பதின்மூன்று முதல் இருபத்து நாலு வரை குறைத்த வார்டுகளில் பதினேழும் ஒன்று. அதன் உறுப்பினர் என் அண்ணன். அன்றிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை.

கூட்டத்தில் வார்டு எண்ணைச் சொல்லி வருகை கூப்பிடுவது என் வேலை. பத்தொன்பது வருஷப் பழக்கம், நாக்கு பன்னிரண்டில் நிற்குமா? பதின்மூன்று, பதினான்கு என்று இருபத்து நாலு வரை ஓடிவிடும். எல்லோரும் சிரிப்பார்கள். மூன்று கூட்டம் அப்படியே போனது.

ஒரு நாள் அண்ணி கேட்டார். "உங்க கூட்டம் பதினோரு மணிக்குத்தானே? மாசா மாசம் அந்த நேரத்துக்கு உங்கண்ணன் சட்டையை மாட்டிக்கிட்டு சுவரைப் பார்த்து உக்காந்துடறார். கையைத் தூக்கி 'இருக்கேன்'ங்கறார். அந்த ஒரு வார்த்தைதான்."

சபையிலிருந்து அண்ணன் வீடு மூன்று கிலோமீட்டர். நான் கூப்பிடுவது அங்கே கேட்க வழியே இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு முன் தலைவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, இல்லாதவங்களை எதுக்குக் கூப்பிடறே? பன்னிரண்டோட நிறுத்து. இல்லேன்னா உன்னையும் சேர்த்துக் குறைச்சிடுவேன்." பயந்துபோய் நிறுத்தினேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மதியம் அண்ணியின் போன். "தூக்கின கை இறங்கவே மாட்டேங்குது. மூச்சு வாங்குது. ஓடி வா!"

போனேன். அண்ணன் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது. டாக்டர் போட்ட ஊசிக்கும் கை அசையவில்லையாம். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத்தானே தெரியும். சுவரோரம் நின்று ஒன்றிலிருந்து கூப்பிட்டேன். பன்னிரண்டு வரை பதிலில்லை.

"பதின்மூன்று."

"இருக்கேன்" என்றது வாசல் பக்கமிருந்து ஒரு குரல். அங்கே யாரும் இல்லை. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். பதினான்கு சமையலறையிலிருந்து இருமிக்கொண்டே சொன்னது. அந்த இருமலை நான் வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். இருமுகிறவர் வீடு ஊரின் மறுகோடியில்.

"பதினேழு."

"இருக்கேன்." அண்ணன் கை மெல்ல இறங்கி மடியில் விழுந்தது. அண்ணி அழுதுவிட்டார். நான் விடாமல் இருபத்து நாலு வரை முடித்தேன். வீடு முழுக்க ஆள் மூச்சு.

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார்.

"பன்னிரண்டு பேர் இருக்கோம், போதும். கதவைச் சாத்து. அங்க சபையில உக்காந்திருக்காங்களே பன்னிரண்டு பேர், அவங்களைக் குறைக்கிற தீர்மானத்தைப் படி" என்றார்.