பத்து முள்

கண்ணைக் கட்டிய துண்டை இறுக்குவதா வேண்டாமா என்று சவுரியப்பன் யோசித்தான். "இறுக்கியே கட்டுங்க" என்றாள் அவன் மனைவி ராயம்மாள். பிறகு ஒருத்தரும் குற்றம் சொல்லக் கூடாது. அவளாகக் கேட்டு வாங்கிய சோதனை அது.

ஒன்பது மாதமாக அவள் கொல்லைக் கொட்டாயில் தனியாகக் கிடந்தாள். முழங்கையும் முழங்காலும் சிவந்து தடித்து, வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்தது. குஷ்டம், பெருநோய் என்று மாமியார் முதலில் சொன்னாள். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. இரண்டு வயது பிலோமினாவை நாத்தனார் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வாரம் ஒருநாள் சவுரியப்பன் கேழ்வரகு மாவைக் கொட்டாய் வாசலில் வைத்துவிட்டு, எட்ட நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவான். நல்லவன்தான். நல்லவனாக இருந்து என்ன பிரயோசனம், அம்மா பேச்சைத் தாண்டத் துணிச்சல் வேண்டுமே.

பென்னாகரத்துக்கு மாதம் ஒருமுறை வரும் மிஷன் மருந்துக்கூடத்துக் கன்னியாஸ்திரி மதர்தான் அவளைத் தொட்டுப் பார்த்த ஒரே ஆள். கண்ணை மூடச் சொல்லி, ஊசியால் அங்கங்கே குத்தி, குத்திய இடத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"பெருநோய்னா அந்த இடம் மரத்துப் போகும். உனக்குச் சுரீர்னு வலிக்குது. இது செதில் நோய், தொத்தாது. பிள்ளையைத் தாராளமாத் தூக்கு. பாவத்தால வந்ததும் இல்லை."

"முழுசாப் போயிடுமாங்க?"

மதருக்குப் பொய் சொல்ல வராது. "போகும், திரும்ப வரும். எண்ணெய் தடவு, காலை வெயில் காட்டு, சொறியாதே. தார்க் களிம்பு தரலாம், ஆனா சீமையில சண்டை முடியாம மருந்துக் கப்பல் வராது."

அவள் இதை ஊரில் சொன்னாள். யார் நம்பினார்கள்? கடைசியில் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் மதலைமுத்துவிடம் போய், எட்ட நின்றே சொன்னாள். "பத்து முள்ளு குத்துங்க. எல்லா எடத்தயும் தொட்டுக் காட்டறேன். ஒண்ணு தப்புனாலும் புள்ளயக் கேக்க மாட்டேனுங்க." அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து கோயில் முற்றத்தில் ஊரே கூடி நின்றது. உபதேசியார் நேர்மையான மனிதர். கருவேல முள்ளால் ஒரே அழுத்தாக அழுத்தி, எண்ணிக்கை சொன்னார். ராயம்மாள் விரலை வைத்தாள். இரண்டு, மூன்று. ஆறாவது முள் தடிப்பின் நடுவில் இறங்கியபோது உச்சி வரை வலித்தது; அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு வலியும் பிள்ளையை ஓரடி கிட்டக் கொண்டுவந்தது. "அட, தெரியுதே" என்றார் யாரோ. எட்டு முடிந்தது.

"அம்மா, எறக்கி வுடு."

பிலோமினாவின் குரல். இவ்வளவு பேச்சு வந்துவிட்டதா? நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதே, யாரும் பார்ப்பதில்லையா? ராயம்மாள் கட்டிய கண்ணோடு அந்தப் பக்கம் திரும்பினாள். எறக்கி வுடு என்றால், தூக்கி வைத்திருப்பவளைத்தானே சொல்கிறது. நாத்தனாரையா அம்மா என்கிறது? இல்லை, தன்னைப் பார்த்துத்தான் இறங்கி வரத் துடிக்கிறதா? இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று மூச்சை அடக்கிக் காத்திருந்தாள்.

"தொட்டுக் காட்டும்மா" என்றார் உபதேசியார்.

"குத்திட்டீங்களா?"

அவளே துண்டை அவிழ்த்தாள். இடது முழங்கையிலிருந்து ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது.

"புள்ள சத்தம் கேட்டுதுங்க. அதுல கவனம் போயிடுச்சு. இன்னொருக்கா குத்துங்க."

"அவ வாயால சொன்ன பேச்சுங்க" என்றாள் மாமியார். உபதேசியார் முள்ளைக் கீழே போட்டுவிட்டுக் கையை மண்ணில் தேய்த்துக்கொண்டார். சவுரியப்பன் தரையைப் பார்த்தான். நாத்தனார் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நடந்தாள்.

கொட்டாய்க்குத் திரும்பும் வழியில் அவளுக்கே சந்தேகம் வந்தது. மதருக்குத் தெரியாமல் ஏதாவது மரத்துக்கொண்டு வருகிறதோ? வாசலில், மதர் சொன்னபடி வெயிலில் கையை நீட்டி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் இடது முழங்கை விண் விண்ணென்று தெறித்தது. ஒன்பதாவது முள்ளின் நுனி உள்ளேயே ஒடிந்திருந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, அந்த இடத்தில் சரியாக விரலை வைத்தாள்.

"இங்கங்க" என்றாள்.