தவக்காலம் என்று சொல்லி வைத்தது

ஈஸ்டர் ஞாயிறு காலை பத்து மணிக்கு, கடலூரில் தன் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு, மேரி ஷாலினி கண்ணாடித் தம்ளர்களின் விளிம்பில் எலுமிச்சையைத் தேய்த்து, உப்பும் மிளகாய்த்தூளும் கொட்டிய தட்டில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். யாராவது பார்த்தால் இவளுக்கு என்ன பவுசு என்றுதான் கேட்பார்கள். கேட்கட்டுமே! பவுசுக்காகவா செய்தாள்? புருஷனுக்காகச் செய்தாள்.

ஆரோக்கிய ஜெகன் குடியை விட்டு அன்றோடு நாற்பத்தைந்து நாள். செம்மங்குப்பத்தில் கம்பெனி வேலை. ஷிப்டு முடிந்தால் கால் நேராகக் கடைக்குத்தான் போகும். ரத்த வாந்தி எடுத்த பிறகுதான் மனுஷன் அடங்கினான். "எல்லாரும் வருவாங்க. கையில ஒண்ணுமில்லாம அவுங்களோட எப்புடி உக்கார்றது, ஷாலினி?" என்று போன வாரம் அவன் கேட்டான். ஆசையை மாத்திரை அடக்கும். வெறுங்கையை எது அடக்கும்?

அதற்குத்தான் செல்போனில் வீடியோவாகப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கஷ்டம் ஒன்றுமில்லை, அரை மணி நேர வேலை. ஒரு ஜாடியில் தர்பூசணியை அடித்து வடிகட்டி, எலுமிச்சை, கசக்கிய புதினா, ஊறவைத்த சப்ஜா விதை. இன்னொன்றில் பச்சை மாங்காயை வேகவைத்து மசித்து, வெல்லம், இஞ்சிச் சாறு, கீறிய பச்சை மிளகாய். குடிக்கிற நேரத்தில் ஐஸ் போட்டு சோடா ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். மாங்காய் ஜாடி ஜெகனுக்கென்றே போட்டது. தொண்டையில் இறங்கும்போது சுரீரென்று இருக்கட்டும் என்று இரண்டு மிளகாய் ஜாஸ்தியாகவே கீறிப் போட்டாள்.

சிதம்பரத்திலிருந்து அவள் அண்ணன் மரிய ஜோசப் பெண்டாட்டி பிள்ளைகளோடு காரில் வந்து இறங்கினான். ஜெகனின் பங்காளிகள் நாலு பேர் ஏற்கெனவே ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். நீ போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வா, நான் ஊற்றிக் கொடுக்கிறேன் என்று அண்ணன் சொன்னதும் ஷாலினிக்கு மனசு குளிர்ந்து போயிற்று. பிறந்த வீட்டு ஆள் வந்தாலே ஒரு தெம்புதான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது அண்ணன் அடுப்படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு பாட்டில், பாதி காலி.

"மாங்கா ஜாடியில கலந்துட்டேன். காரம்னு பசங்க தொட மாட்டாங்க. வாசனையே வராது" என்று காதோடு சொன்னான். "பாவம் மச்சான், தவக்காலம் பூரா வாயக் கட்டினு இருந்துட்டாரு."

அடப்பாவி! ஷாலினிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஹாலுக்கு ஓடினாள்.

ஜெகன் தம்ளரில் கால்வாசிதான் மிச்சம் இருந்தது. பிடுங்கினாள். மிச்சமும் அவன் புதுச் சட்டையில் கொட்டியது. பங்காளிகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

பின்னாலேயே வந்த அண்ணனுக்கும் கோபம் வந்துவிட்டது. "ஒரு கிளாசுக்குப் போயி என்னா கூத்து இது? தவக்காலந்தான் முடிஞ்சி போச்சில்ல?"

முடிந்துதான் போயிற்று. தவக்காலம் என்று அவனுக்குச் சொன்னது யார்? சாட்சாத் இவளேதான். சாம்பல் புதனுக்கு மறுநாள் ஜெகனைக் கொண்டுபோய் மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தவள், பிறந்த வீட்டில் மானம் போய்விடும் என்று போனில் கதை கட்டினாள். அவர் இந்த வருஷம் தவக்காலம் முழுக்கத் தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டிருக்கிறார், கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாதே என்றாள். பங்காளிகளிடமும் அதே பாட்டு. சொல்லச் சொல்ல நாக்குக்குப் பழகிப் போயிற்று. அந்தப் பாழாய்ப் போன மானத்தை நினைக்க இப்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவருக்குத் தவக்காலம் முடியாதுண்ணே. சாவுற வரைக்கும் முடியாது" என்றாள். குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். "ஒன் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி, இருபத்தேழு நாளு இவர கட்டில்ல கட்டிப் போட்டு வைத்தியம் பாத்தாங்க. நான் ஒன் வீட்டு வாசல் வழியாத்தான் முக்காடு போட்டுக்கினு போயி வந்தேன்."

மரிய ஜோசப்பின் முகம் செத்துவிட்டது. கையிலிருந்த பாட்டில் மூடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

ஷாலினி புருஷன் பக்கம் திரும்பினாள். என்னங்க, வாங்க என்கிற மரியாதையெல்லாம் அந்த நேரத்தில் பறந்துவிட்டது.

"ஒனக்குத் தெரியல? நாக்கு செத்தா போச்சு?"

"மொத வாயிலயே தெரிஞ்சிது" என்றான் ஜெகன். இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டான்.

"தெரிஞ்சும் ஏன் குடிச்ச?"

"ஷாலினி ஒங்களுக்குன்னே போட்டதுன்னு மச்சான் குடுத்தாரு. நீ குடுத்ததுன்னுதான் குடிச்சேன்" என்றான். "நாப்பது நாளுன்னு எல்லார்கிட்டயும் நீதான சொன்ன. முடிஞ்சிடுச்சின்னு நீயே விட்டுட்டியோன்னு நெனச்சேன்."

பிடுங்கிய தம்ளரோடு ஷாலினி அடுப்படிக்குப் போனாள். மாங்காய் ஜாடியைத் தூக்கி சிங்க்கில் கவிழ்த்தாள். ஒரு வாய் பட்டாலும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று இல்லத்து டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு, வேறு சட்டையோடு ஹாலுக்கு வந்தாள்.

"வண்டிய எடுண்ணே."

எங்கே என்று கேட்டான் மரிய ஜோசப்.

"ஒன் ஊருக்குத்தான். நீயும் இல்லத்துக்குள்ள வா" என்று ஜெகனின் ஈரச் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "அவருக்கு ஊத்திக் குடுத்தது யாருன்னு டாக்டர் கேப்பாரு. நாம ரெண்டு பேருந்தான்னு சொல்லணும்."