வலது கைக்கு ஞாயிறு விடுமுறை

காலை எட்டு மணிக்குச் சிறைப் பட்டறையின் கருவி அறை முன்னால் வரிசை நின்றது. முன்னால் நின்றவர்கள் கையெழுத்துப் போட்டுச் சுத்தியலும் அரமும் வாங்கிக்கொண்டார்கள். லேத்துக்காரன் இடது கையால் கையெழுத்துப் போட்டுத் தன் வலது கையை வாங்கிக்கொண்டான்.

முன்பு வேலை பார்த்த ஆலையில் பிரஸ் மெஷின் அவன் கையை முழங்கைக்கு மேல் நசுக்கிய பிறகு, எலும்பில் கம்பி இறக்கி நரம்போடு இணைத்த உலோகக் கை அது. திருகினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். தோள்வரை வெந்நீர் பாயும். விரல்கள் எங்கோ தூரத்திலிருந்து ஒவ்வொன்றாக வீடு திரும்பும்.

ஆலை வாசலில் நடந்த அடிதடிக்காக அவனுக்கு ஒரு வருடம் போட்டிருந்தார்கள். வந்த அன்றே கையைக் கழற்றினார்கள். அறைக்குள் உலோகம் ஆகாதாம். பட்டறைக்கு மட்டும் கருவி என்று எழுதிக் கொடுத்தார்கள். மாலை ஐந்துக்கு அலமாரிக்குப் போய்விடும். அதன்பிறகும் இல்லாத விரல்களில் மெல்லிய குளிர் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

அவன் உள்ளே இருக்கும்போதே மகள் பிறந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மனைவி அவளைக் கொண்டுவருகிறாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை ஒரு பத்து நிமிசம் கையக் குடுங்க. புள்ளையத் தூக்கணும்."

கருவி அறைக்காரர் சிரித்தார். "அன்னைக்குப் பட்டறை லீவுப்பா. சுத்தியலுக்கும் லீவு, உன் கைக்கும் லீவு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மனு எழுதிப் போடு. நான் என்ன, வச்சுக்கிட்டா இல்லைங்கிறேன்?"

சனிக்கிழமை பதில் வந்தது. பணிக்கருவியைச் சந்திப்பு அறைக்குக் கொண்டுசெல்ல அனுமதி இல்லை.

சந்திப்பு அறையின் உயரமான ஜன்னலிலிருந்து வெயில் பால்போல இறங்கிக்கொண்டிருந்தது. மனைவி அவனுடைய தொங்கும் சட்டைக் கையைப் பார்த்தாள்.

"புள்ளைக்குக் கழுத்து இன்னும் நிக்கலைங்க. ரெண்டு கையாலதான் வாங்கணும்."

"நீ ஒரு கை குடேன்."

அவனுடைய இடது கைமேல் குழந்தையைச் சாய்த்து, தலைக்கடியில் தன் கையை வைத்தாள். அவன் மூச்சே விடவில்லை. அறையே தண்ணீருக்குள் மிதப்பதுபோல இருந்தது.

"கைதியத் தொடக்கூடாதும்மா," என்றார் கதவோரம் நின்ற வார்டர்.

அவள் குழந்தையை வாங்கி மேசைமேல் கிடத்தினாள். அவன் குனிந்து உச்சந்தலையை முகர்ந்தான். குழந்தை கையை வீசித் துழாவியது. அகப்பட்ட காலிச் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டது. மணி அடித்தது. அந்தச் சின்ன விரல்களை வார்டர் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.