வில்லியனூர்க்காரன்

"ஏணியை ஆட்டாத ஜெயா!"

இடுப்பில் செருகியிருந்த அரிவாளை உருவி, கம்பத்தில் கட்டியிருந்த நைலான் கயிற்றை அறுக்கத் தொடங்கினான் குமரவேல். பாழாய்ப்போன கயிறு லேசில் அறுபடவில்லை. வீட்டுப் பக்கம் பறை முழங்கிக்கொண்டிருந்தது. செத்துப்போன அப்பா பச்சையப்பன் வாசலில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். இங்கே தெருமுனை பேனரிலோ, ஆளுயரத்துக்கு மேல் ராணுவ உடுப்பில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நானா ஆட்டுறேன்? உங்க காலுதான் நடுங்குது" என்றாள் ஜெயசுதா, கணவனை அண்ணாந்து பார்த்து. "சீக்கிரம் ஆகட்டும். ரயில்வே கேட்டத் தாண்டிட்டாங்களாம்."

வருகிறவர் ராஜ்மோகன். வில்லியனூரில் பேர் சொன்னால் தெரியும். அசல் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய பேரன் இளங்கோவுக்குத்தான் குமரவேலின் மகள் கீர்த்தியைப் பேசி வைத்திருந்தது. தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி.

அந்த அசல் சொல்தா வந்து பார்க்கப் போவது இந்த பேனரை.

'பனிமலையில் குண்டடி பட்டும் பின்வாங்காத பிரெஞ்சு ராணுவச் சிங்கம்!' கழுத்துக்கு மேலே அப்பா. கழுத்துக்குக் கீழே எவனோ.

"இன்னா குமாரு, நாங்க வெச்ச பேனர அறுக்கற?" டீக்கடை சின்னதம்பி பதறிக்கொண்டு வந்தார். "உங்கப்பாவுக்கு மரியாதை வாணாமா?"

"எழுத்து தப்பா கீது மாமா."

"எந்த எழுத்து?"

எல்லா எழுத்தும்தான். எப்படிச் சொல்வது? அப்பா தாண்டிய எல்லை விழுப்புரம். கெண்டைக்கால் தழும்பு, கரும்பு லாரியிலிருந்து விழுந்தது. அதையே குண்டடி ஆக்கி, ஒதியம்பட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காலமெல்லாம் அளந்தார். பனியில் ரத்தம் கொட்டக் கிடந்தவரை ஒரு வில்லியனூர்க்காரன் விடிய விடிய முதுகில் சுமந்து வந்தானாம். "அவன் மனுசன் இல்லடா, தெய்வம்" என்று நிஜமாகவே கண் கலங்குவார். அந்தக் குரல் கேட்டால் குமரவேல் சைக்கிளைத் திருப்பிவிடுவான்.

ஒருமுறை கேட்டேவிட்டான். "ஏம்பா இப்படிப் புளுகுற? வெக்கமா இல்ல?"

"நெசத்தச் சொன்னா எவன்டா ஒக்காரச் சொல்றான்?" என்றார் அப்பா.

கீர்த்தியைப் பெண் பார்க்க ராஜ்மோகன் வீட்டார் வந்த அன்றைக்குக் காலையில் அப்பா சலவைச் சட்டை போட்டு முதல் ஆளாகத் தயாராகி நின்றார். "திருக்கனூர்ல அக்கா வூட்டு மோட்டார் ஓடலியாம், போய்ப் பாத்துட்டு வாப்பா" என்றான் குமரவேல். மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. புளுகில் பழுத்த மனிதருக்கு அது தெரியாமலா போகும்? சலவைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பழைய சட்டையில் பஸ் ஏறினார்.

ஒரு பக்கக் கயிறு அறுந்தது. பேனர் மடங்கித் தொங்க, அப்பா தலைகீழானார். அதே நேரம் கார் வந்து நின்றது.

சாவு வீட்டில் 'வாங்க' என்று சொல்லக் கூடாது. குமரவேல் தலையை மட்டும் அசைத்தான். இறங்கி வந்து, அரிவாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். ராஜ்மோகன் மட்டும் இறங்கினார். பேரன் காரை ஓரங்கட்டப் போனான்.

பெரியவர் தலையைச் சாய்த்து, தொங்கிய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"ஐயா... அப்பா வந்து... பட்டாளத்துல எல்லாம்..."

"தெரியும் தம்பி. எறக்காதீங்க. கட்டுங்க."

"ஐயா?"

"வில்லியனூர் சந்தையில என்னைப் புடிச்சாரு உங்கப்பா. பனி எப்டி இருக்கும், கால் வெச்சா உள்ள போவுமான்னு துருவித் துருவிக் கேட்டாரு. சொன்னேன். கொஞ்ச நாள்ல கதை எங்க தெருவுக்கே வந்துடுச்சு. சுமந்துகினு வந்த வில்லியனூர்க்காரன் நான்தான்னு தெருக்காரங்களே முடிவு பண்ணிட்டாங்க." அவர் செருமினார். "நான் இல்லேன்னு சொல்லல."

குமரவேல் அரிவாளைக் கீழே வைத்தான்.

"அன்னிக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப, பெரியவர் எங்கன்னு கேட்டேனே... அவரைப் பாக்கத்தான் வந்தேன். திருக்கனூர் போயிருக்காருன்னீங்க."

குமரவேல் மறுபடி ஏணியில் ஏறினான். அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு இழுத்தான். அப்பா நிமிர்ந்தார்.

கையில் மாலையோடு வந்த இளங்கோ பேனரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"தாத்தா! நீ தூக்கிட்டு வந்தது இவரத்தானா? கீர்த்தியோட தாத்தாவையா? ஏன் சொல்லவே இல்ல?"

ராஜ்மோகன் தரையைப் பார்த்தார். பையன் ஏணியின் பக்கம் திரும்பினான். "மாமா, நெசமாவா?"

குமரவேலின் கையில் கயிறு இருந்தது. ஜெயசுதா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்பா" என்றான் குமரவேல். "விடிய விடிய. முதுகுல. தெய்வம்னு சொல்லுவாரு."

இளங்கோ தாத்தாவின் தோளை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு, மாலையோடு பறைச் சத்தத்தை நோக்கி நடந்தான். அவன் தூரம் போகும் வரை பெரியவர் காத்திருந்தார். பிறகு ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

"நான் துப்பாக்கியே தொட்டதில்ல தம்பி. பென்ஷன் வர்ற வரைக்கும் அடுப்படியில உருளைக்கிழங்குதான் உரிச்சேன்."