மஞ்சள் கொடி சரிதான்

சனிக்கிழமை நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் ஆஷ்பி கல்லூரி அணி தோற்றது. ஞாயிற்றுக்கிழமை தேவாலய ஆராதனை முடிந்த கையோடு பாதி ஊர் ஹார்லனின் புகைக்கறிக் கடைக்கு வந்து துக்கம் விசாரித்தது. அணியின் பச்சைச் சட்டை போடாத ஆளைப் பார்க்க முடியவில்லை. தட்டில் கறி ஆறிக்கொண்டிருந்தது. எல்லோருடைய கண்ணும் டப் பெட்டஸின் கைப்பேசிமேல் இருந்தது.

டப் டயர் கடைக்காரன். நின்றால் வாசலை அடைக்கும் அகலம், அதற்கேற்ற குரல். ஒரே காட்சியை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக்கொண்டிருந்தான். ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதி. எதிரணி டெலானியின் எலைஜா ஓட்ஸ் பந்தைப் பிடிக்க எம்புகிறான். ஆஷ்பியின் டேரியஸ் மேபெரி பாய்ந்து வருகிறான். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் மோதுகின்றன. தப்பாட்டம் என்று நடுவர் மஞ்சள் கொடியை வீசுகிறார். தலையைக் குறிவைத்து மோதியதாகச் சொல்லி டேரியஸை ஆட்டத்தைவிட்டே அனுப்பிவிட்டார்கள். அபராதமாகக் கிடைத்த பதினைந்து கஜத்தை வைத்து டெலானி மூன்று புள்ளி எடுத்து ஜெயித்தது. அதோடு விட்டதா? அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தின் முதல் பாதியிலும் டேரியஸ் ஆடக்கூடாது.

"இங்க பாருங்கய்யா! நம்ம பையன் நெஞ்சுக்குத்தான் போறான். கடைசி நொடியில தலையக் குனிஞ்சது யாரு? அந்த ஓட்ஸ் பய. பாய்ஞ்சு வர்றவன் காத்துலயே பிரேக் போடுவானா?" என்றான் டப்.

"நடுவருக்கு முந்தின ராத்திரி டெலானிக்காரன் வீட்டுல விருந்து போல."

"கொடியா அது? கொள்ளை!"

"அவன் விழுந்து கிடந்ததே நடிப்புங்கறேன். ஸ்ட்ரெச்சர்ல போனானே, கண்ணத் திறந்து பார்த்துக்கிட்டேதான போனான்?"

கடை சிரித்தது. சன்னலோர மேசையில் ஐஸ் டீயைக் கலக்கிக்கொண்டிருந்த ராய்லீன் ஹாட்ச் மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஊரில் முடிதிருத்தும் நிலையம் நடத்துகிறவள். மைதானத்தில் அவளுக்கும் டப்புக்கும் அடுத்தடுத்த இருக்கை, வருஷக்கணக்காக. இருவரும் சேர்ந்து கத்தித் தொண்டை கட்டாத பருவம் கிடையாது.

"கொடி சரிதான்" என்றாள் ராய்லீன்.

டப் மெல்லத் திரும்பினான்.

"ஏம்மா ராய்லீன், என் காதுல தப்பா விழுந்துச்சா, இல்ல நீ நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாத்தான். நீயும் நானும் பத்தாவது வரிசையிலதான உக்காந்திருந்தோம்? அந்தச் சத்தம் உனக்குக் கேக்கல?"

"சத்தம் கேட்டா கொடியா? அப்ப இடி இடிச்சா வானத்துக்கு அபராதம் போடு."

மறுபடி சிரிப்பு. ராய்லீன் எழுந்து நின்றாள். "வாரம் பூரா மனுசத் தலையக் கையில வச்சிருக்கறவ நான். அது எவ்வளவு லேசுல உடையற சாமான்னு எனக்குத் தெரியும். கொடியப் பத்திச் சண்டை போடு, நான் ரெடி. ஆனா அந்தப் பையன் நடிக்கிறான்னு இன்னொரு தடவை சொல்லாதீங்க. இதே ஊர் ஆஸ்பத்திரியிலதான் படுத்திருக்கான். வா டப், போய்ப் பாத்துட்டு வருவோம்."

"நான் எதுக்கு?"

"பயமா?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு. டப் தொப்பியை எடுத்துக்கொண்டான். "வர்றேன். அவன் எழுந்து நடமாடிக்கிட்டு இருந்தா, அடுத்த சனிக்கிழமை நாங்க காட்டப்போற எதிர்ப்புல நீயும் கறுப்புச் சட்டை போட்டு நடுவருக்கு முதுகு காட்டணும்."

"காட்டறேன். நடமாடலைன்னா?"

டப் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, சத்தம் போடக்கூடாது என்று எச்சரித்து அனுப்பினாள். அறையில் திரை இழுத்து இருட்டாக்கியிருந்தார்கள். கட்டிலருகே டெலானியின் ஆரஞ்சுச் சட்டையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எலைஜாவின் அம்மா மார்வா. முந்தின நாள் போட்ட சட்டை. தூங்காத முகம். வாசலில் நின்ற இரண்டு பச்சைச் சட்டைகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, சண்டை போட வந்தீங்களா?"

"ஆளுக்கு ஒண்ணு" என்றாள் ராய்லீன்.

மார்வா சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா, தெரியவில்லை. உட்காரச் சொன்னாள்.

கட்டிலில் இருந்தவன் கண்ணைத் திறந்தான். டப்பைப் பார்த்தான்.

"யாரு ஜெயிச்சா?"

அந்தத் தோல்வியை டப் தன் மனைவியிடம்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. "நீங்கதான்ப்பா" என்றான்.

"பந்தைப் புடிச்சேனா?"

"புடிச்சே. விடவே இல்ல."

பையன் சிரித்தபடி கண்ணை மூடினான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்து டப்பைப் புதிதாகப் பார்த்தான்.

"யாரு ஜெயிச்சா?"

டப் ராய்லீனைப் பார்த்தான். மார்வா போர்வையை இழுத்துவிட்டாள். "நேத்துலேர்ந்து இப்படித்தான். சரியாயிடும்னு சொல்றாங்க. எப்போன்னு சொல்லல."

"நீங்கதான்" என்றான் டப், முதல் தடவை சொல்வது போலவே. "அருமையாப் புடிச்சே."

அதற்கப்புறமும் பையன் கேட்டான். ஒவ்வொரு முறையும் டப் சொன்னான், குரல் கொஞ்சமும் மாறாமல்.

பையன் அசந்து தூங்கியதும் மூவரும் வெளி வராந்தாவுக்கு வந்தார்கள். மார்வா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நானும் போன்ல அதையேதான் திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டு இருக்கேன். எம் புள்ளதான் தலையக் குனிஞ்சான். சின்ன வயசுலேர்ந்து அந்தப் பழக்கம், எத்தனை கோச் சொல்லியும் போகல. உங்க பையன் மேல தப்பு இல்ல. என்னைக் கேட்டா அது கொடியே இல்ல."

காலையிலிருந்து டப் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. சொன்னதோ எதிரணிக்காரனைப் பெற்றவள். ஆனாலும் அவனால் 'பாத்தியா' என்று ராய்லீன் பக்கம் திரும்ப முடியவில்லை. தொப்பியைக் கசக்கிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

ராய்லீன்தான் விடவில்லை. "நீங்க பெத்தவங்க, உங்ககூட மல்லுக்கட்டக் கூடாது. இருந்தாலும் சொல்றேன். டேரியஸ் மேல தப்பு இல்ல, ஆனா கொடி சரி. தப்பு யாருதுன்னு பாத்தா இன்னும் பத்து வருஷம் பேசிக்கிட்டே இருக்கலாம். தலையில அடி விழுந்தா கொடி விழணும். அப்பதான் அடுத்து வர்றவன் கொஞ்சம் தாழ்ந்து வருவான்."

"அப்படிப் பாத்தா ஆட்டமே இருக்காதுங்க."

"இருக்கும். ஆட்டம் இல்லேன்னா சனிக்கிழமை எனக்கு என்ன வேலை?"

இந்தத் தடவை மார்வா சிரித்தேவிட்டாள். மூவரும் அங்கேயே நின்று அதே மோதலைக் கையால் காட்டிக் காட்டி வாதாடினார்கள். நர்ஸ் வந்து அதட்டும்வரை யாரும் தோற்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மைதானம் கறுப்புச் சட்டைகளால் கறுத்துக் கிடந்தது. டப்பின் ஏற்பாடு ஊரெல்லாம் பரவியிருந்தது. முதல் பந்து உதைபட்டதும் ஆயிரக்கணக்கானவர்கள் நடுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். ராய்லீன் பச்சைச் சட்டையில் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். "டெலானிக்குப் போய்க் குடியேறு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அவள் அசையவில்லை. பக்கத்தில் டப்பின் இருக்கை காலி.

அப்போதுதான் மைதான வளைவின் முன்வரிசையில் மாணவர்கள் தூக்கிப் பிடித்த பலகை கண்ணில் பட்டது. எலைஜாவின் பதினோராம் எண். கீழே 'சிறந்த நடிகன்'. டிவி கேமரா அந்தப் பக்கம்தான் திரும்பிக்கொண்டிருந்தது.

ராய்லீன் படியிறங்கிப் போனாள்.

"கீழ போடுங்கப்பா."

"போங்க ஆன்ட்டி, நீங்க யாரு கட்சி?"

"உங்க கட்சிதான். அதான் வெக்கமா இருக்கு."

அவர்கள் கேட்கவில்லை. அவள் பலகைக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவே போய் நின்றுகொண்டாள். பலகை இடப்பக்கம் நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள். உயர்ந்தது, அவள் கையைத் தூக்கினாள். ஆனாலும் ஒற்றை ஆளால் அதை முழுக்க மறைக்க முடியவில்லை. பின்னால் "உக்காரு! உக்காரு!" என்று கூச்சல். தோள் வலித்தது. கையை இறக்கமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு கறுப்புச் சட்டை படியிறங்கி வந்தது. டப் அவள் பக்கத்தில் வந்து நின்றான். அவன் நின்றதும் பலகையில் பாதி காணாமல்போனது.

"என்ன டப் அண்ணே, நீயுமா?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

"நான் நேர்ல போய்ப் பாத்தேன்டா" என்றான் டப். "நீ பாத்தியா?"

பையன்கள் முணுமுணுத்தார்கள். பலகை இறங்கவில்லை, கேமராவுக்கு முழுசாகத் தெரியவும் இல்லை.

மைதானத்தைப் பார்த்தபடியே டப் சொன்னான்: "கொடி தப்புதான், ராய்லீன். அத நான் மாத்திக்கல."

"மாத்திக்கச் சொல்லி உன்ன யாரு கேட்டா? கொஞ்சம் இந்தப் பக்கம் நகரு. எண்ணு தெரியுது."

டப் நகர்ந்து நின்றான்.