மதிலுக்கு வெளியே நின்ற கூட்டம்

திங்கட்கிழமை காலையில் ஐனா ட்வீடி செப்புக் கொப்பரைக்கு அடியில் நெருப்பை மூட்டிவிட்டு, சனிக்கிழமைச் சேறு காய்ந்து விறைத்துக் கிடந்த ஜெர்சிகளை ஒவ்வொன்றாக உதறிப் போட்டாள். அரக்குச் சிவப்புச் சாயம் வெள்ளைக் காலரில் ஏறாமலிருக்க முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். ஏப்ரல் வந்தும் குழாய்த் தண்ணீர் விரலைக் கடித்தது. ஐந்தாம் எண் ஜெர்சியின் முழங்கையில் அவள் போட்ட ஒட்டுத் தையல் மறுபடி பிரிந்திருந்தது. அதைத் தனியே எடுத்து வைத்தாள்.

அடுப்பருகே நாற்காலியில் அவள் கணவன் ஆர்ச்சி இருமிக்கொண்டிருந்தான். இருமல் நின்றதும் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தான்.

"கோல் பக்கம் புல்லு கிழிஞ்சு கிடக்கு. போய் மண்ணு போடணும்."

"மழை நிக்கட்டும்."

"இந்த ஊர்ல மழை நிக்கறதுக்குள்ள நான் நின்னுடுவேன், ஐனா."

"வாயை மூடிட்டு டீயைக் குடி. ஆறிடும்."

அவர்களுடைய வீடு டால்கெரன் ரோவர்ஸ் கால்பந்துக் கழகத்தின் மைதானத்து மதிலோடு ஒட்டிக் கட்டியது. ஒரு கதவைத் திறந்தால் தெரு, இன்னொன்றைத் திறந்தால் புல்தரை. சமையலறையின் முன்சுவரே மைதானத்து மதில்தான். அந்த மதிலைச் சுரங்கத் தொழிலாளிகள், பெரிய வேலைநிறுத்த வருடத்தில் சும்மா இருந்த கைகளால் கட்டினார்கள். அதற்கு முன் ஊரில் பாதிப் பேர் சாலையில் நின்றே ஓசியில் ஆட்டம் பார்த்துவிட்டுப் போவார்கள். கழகம் மூழ்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஐனாவின் அப்பாவும் அதில் செங்கல் அடுக்கினார். மதில் எழும்பிய ஐந்தாறு வருடத்தில் ரோவர்ஸ் கோப்பைப் பந்தயத்தில் கிளாஸ்கோவின் பெரிய அணி ஒன்றையே தோற்கடித்தார்கள். அன்று ஆடிய பந்து இன்னும் தொழிலாளர் மன்றத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் காற்றில்லாமல் இருக்கிறது.

நிலக்கரித் தூசி ஆர்ச்சியின் நெஞ்சில் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, கழகம் அவனை மைதானக்காரனாக வைத்துக்கொண்டது. சம்பளம் சொற்பம். வீடு சும்மா. ஜெர்சி துவைப்பது ஐனா. பிறகு சுரங்கத்தையே மூடினார்கள். மைதானம் மட்டும் மிச்சம் இருந்தது.

கொப்பரை கொதிக்கத் தொடங்கியபோது சேர்மன் கார்ஸ்வெல் வந்தார். பக்கத்து நகரத்தில் கார் விற்பவர். செத்துப்போன பழைய டைரக்டர்களின் மனைவிகளிடமிருந்து பங்குகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து, இரண்டே வருடத்தில் கழகத்தைத் தன் பேருக்குக் கொண்டுவந்தவர். நன்றாக ஆடிய முன்வரிசைப் பையன்கள் இரண்டு பேரையும் விற்றார். மைதானம் இருக்கும் இடம் பெட்ரோல் நிலையத்துக்கும் வீடுகளுக்கும் தோதான இடம் என்று ஒரு விருந்தில் சொன்னது ஊருக்குள் பரவியது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"உங்களுக்கு நானே வந்து சொல்லணும்னு நினைச்சேன், மிஸஸ் ட்வீடி. கழகக் கம்பெனியைக் கலைக்கச் சொல்லி கோர்ட்ல மனு போட்டிருக்கேன். வேற வழியில்ல. ஆட்டத்துக்கு யாரும் வரல."

"வராங்களே சார். போன சனிக்கிழமை நானூறு பேர் இருக்கும்."

"எங்க?"

"மதிலுக்கு வெளிய."

கார்ஸ்வெல் கொஞ்சம் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"வெளிய நிக்கறவங்களை நான் எந்தக் கணக்குல சேர்க்கறது? இந்த சனிக்கிழமை கடைசி ஆட்டம். உள்ள எத்தனை பேர் நிக்கறாங்களோ, அதைத்தான் ஜட்ஜ் பார்ப்பார்."

"எங்க வீடு?"

"நிலத்தோட சேர்ந்ததுதானே வீடு. நகராட்சில சொல்லியிருக்கேன், ஏதாவது பார்ப்பாங்க."

நகராட்சி ஏற்கெனவே பார்த்திருந்தது. ஒன்பது மைல் தள்ளி, புதுக் கட்டடத்தில், மூன்றாவது மாடியில் ஒரு வீடு. லிஃப்ட் கிடையாது. ஐனா ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நல்ல வெளிச்சமான வீடு. அவளுக்கே இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கியது. ஆர்ச்சியால் தன் வீட்டு வாசல் படியையே பாதியில் நிற்காமல் ஏற முடியாது.

அன்று சாயங்காலம் அவள் தொழிலாளர் மன்றத்துக்குப் போனாள். மதுக்கூடத்துக்குள் பெண்கள் நுழையக் கூடாது. அதனால் கதவைப் பாதி திறந்து, வாசற்படியில் நின்று தம்பியைக் கூப்பிட்டாள். நினியன் கையில் கோப்பையோடு எழுந்து வந்தான். புத்தாண்டிலிருந்து யாரும் டிக்கெட் வாங்கக் கூடாது, மைதானத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது, கார்ஸ்வெல் பையில் ஒரு பென்னிகூட விழக் கூடாது, வயிறு காய்ந்தால் அவரே பங்குகளை ஊர்க்காரர்களிடம் விற்றுவிட்டு ஓடுவார் என்று பேசி, எல்லோரையும் கை தூக்க வைத்தவன் அவன்தான். எல்லோரும் சத்தியத்தைக் காப்பாற்றினார்கள். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் அவர்களால் வீட்டில் இருக்கவும் முடியவில்லை. கழுத்தில் அரக்குச் சிவப்புத் துண்டோடு வந்து மதிலோரம் வரிசையாக நிற்பார்கள். நெட்டை எக் என்பவன் பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, உள்ளே நடப்பதைக் கீழே நிற்பவர்களுக்குச் சொல்லுவான்.

"இந்த ஒரு சனிக்கிழமை மட்டும் உள்ள வாங்கடா," என்றாள் ஐனா. "ஆளில்லைன்னு காட்டித்தான் அந்த ஆள் மூடப் போறான். நீங்களே அவனுக்கு எழுதிக் குடுத்த மாதிரி ஆகுது."

உள்ளே தலைகள் வாசல் பக்கம் திரும்பின.

"அக்கா, அவன் பயப்படறான். அதான் உன்கிட்ட வந்து பேசறான்," என்றான் நினியன். "இன்னும் ஒரு வாரம் பிடிச்சா முட்டி போட்டுடுவான்."

"முட்டி போடற ஆள் மாதிரி இல்லடா. தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு சிரிக்கிறான்."

"ஐனா, நாங்க உள்ள வந்தா டிக்கெட் காசு யாருக்குப் போகும்?" என்று எக் உள்ளிருந்து கேட்டான். "அவன் புதுக் காருக்கு."

"உனக்கென்ன எக், நீ ஆறரை அடி. உனக்கு டிக்கெட்டே தேவையில்ல," என்றார் மெக்காடம் கிழவர். எல்லோரும் சிரித்தார்கள். கிளாஸ்கோ அணியைத் தோற்கடித்த ஆட்டத்தில் இடப்பக்கம் ஆடியவர் அவர். இப்போது கண் இரண்டிலும் புரை. எக் சொல்லித்தான் அவர் ஆட்டம் பார்க்கிறார்.

நினியன் உள்ளே திரும்பி, மைதானத்துக்குள் போகலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னான். யாரும் தூக்கவில்லை. மெக்காடத்தின் கை மட்டும் மேசையிலிருந்து கொஞ்சம் எழுந்து, கோப்பையைத் தேடுவதுபோலத் திரும்பிப் படுத்தது.

வீடு வரை நினியன் கூட வந்தான்.

"அத்தான் புரிஞ்சுப்பார் அக்கா. அவரும் சுரங்கத்து ஆள்தானே. சொன்ன சொல்லை மாத்தற ஆளுங்க இல்ல நாம."

"அங்க மூணு மாடிடா, நினியன்."

"அதெல்லாம் வராது. நான் சொல்றேன்ல."

அவன் அதை முழுதாக நம்பினான் என்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை தூறல். ஆர்ச்சிக்கு எழுந்திருக்க முடியவில்லை. சுண்ணாம்புக் கோடு போடும் வண்டியை ஐனாவே தள்ளினாள். அவன் ஜன்னலில் உட்கார்ந்து, கோடு கோணினால் கண்ணாடியைத் தட்டினான். மூலைக்கொடிக்குப் பக்கத்தில் கோணியதை அவளே பார்த்து, அவன் தட்டுவதற்குள் காலால் தேய்த்துச் சரிசெய்தாள். ஜன்னலில் அவன் சிரித்தது தெரிந்தது.

அன்றைக்கு வெளியே அதுவரை பார்க்காத கூட்டம். ஒதுங்கியிருந்தவர்கள்கூடக் கடைசி ஆட்டமென்று வந்திருந்தார்கள். பெண்கள் பிளாஸ்க்கில் சூப் கொண்டுவந்திருந்தார்கள். சாலையின் இருபுறமும் நிறைந்து, பஸ் ஊர்ந்துகொண்டு போனது. உள்ளே, எதிரணியோடு வந்தவர்கள் முப்பது பேர் இருக்கலாம். படிவரிசைகள் மழையில் நனைந்து பளபளத்தன. கார்ஸ்வெலுக்குப் பக்கத்தில் குடையோடு ஒருவன், கையில் காமிரா. காலிப் படிகளை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நிதானமாகப் படமெடுத்துக்கொண்டு வந்தான்.

ஐனா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். பாயை ஓரமாக இழுத்தாள். மேசையைச் சுவரோடு தள்ளினாள். மைதானத்துக் கதவைத் திறந்து செங்கல் முட்டுக் கொடுத்தாள். பிறகு தெருக் கதவை அகலத் திறந்தாள்.

"என் வீட்டு வழியா வாங்க," என்றாள். "டிக்கெட் வேண்டாம். அவனுக்கு ஒரு பென்னி போகாது. சும்மா வந்து உள்ள நில்லுங்க, போதும். படம் பிடிக்கிறாங்க."

வாசலுக்கு நேரே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுப்பு, நாற்காலியில் ஆர்ச்சி, அவனுக்குப் பின்னால் திறந்த கதவு, அதற்கப்பால் பச்சைப் புல், எல்லாம் நேர்க்கோட்டில் தெரிந்தன. மூன்று மாதமாக அவர்கள் பார்க்காத புல். ஒருவன் தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தான்.

"தரையெல்லாம் சேறாயிடும், ஐனா."

"நான் துடைச்சுக்கிறேன்."

மெக்காடம் கிழவர் முன்னால் வந்தார். படியைக் காலால் தடவிக் கண்டுபிடித்தார். பூட்ஸின் அடியை, சேறு வழிக்கப் படியோரம் பதித்திருந்த கம்பியில் நன்றாகத் தேய்த்தார், முதலில் வலது, பிறகு இடது. ஒரு காலை உள்ளே வைத்தார். பின்னால் காலடிச் சத்தமே இல்லாததைக் கேட்டு நின்றார்.

"நினியன்?" என்றார்.

நினியன் மதிலில் சாய்ந்து நின்றான். அக்காவைப் பார்க்கவில்லை.

"கை தூக்கினது எல்லாரும்தானே," என்றான் மெதுவாக. "காசு குடுக்க மாட்டோம்னு மட்டுமா சொன்னோம்? காலெடுத்து வைக்க மாட்டோம்னு சொன்னோம்."

கிழவர் காலை வெளியே எடுத்தார்.

"மன்னிச்சுக்கோ, கண்ணு," என்றார், அவள் நின்ற திசைக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்து.

அப்போது பெட்டியின் மேலிருந்து எக் கத்தினான். ஐந்தாம் எண் பையன், பாதி மைதானத்திலிருந்து அடித்தது, கோல். மதிலுக்கு வெளியே எழுந்த ஆரவாரத்தில் அடுப்பு மேலிருந்த தட்டுகள் அதிர்ந்தன. எல்லா முகமும் மதில் பக்கம் திரும்பிவிட்டது. உள்ளே, ஆட்டக்காரர்கள் காலிப் படிகளைத் தாண்டி, செங்கல் மதிலைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

ஐனா இரண்டு கதவுகளையும் சாத்தினாள்.

"விடு," என்றான் ஆர்ச்சி. அவள் கையைப் பிடித்துத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்குள்ளும் வைத்துச் சூடாக்கினான். "விடு, ஐனா."

எடின்பரோவில் விசாரணை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்து, கழகத்தைக் கலைக்க உத்தரவாகிவிட்டதாம். படங்களை ஜட்ஜ் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தாராம். வெளியே கூட்டம் இருந்தது என்று நினியன் எழுந்து சொன்னபோது, அவர் மரியாதையாகவே கேட்டாராம்: அவ்வளவு பேருக்கு அக்கறை இருந்தால் ஏன் உள்ளே போகவில்லை? நினியன் திரும்பி வந்து அதை மன்றத்தில் சொன்னான்.

கார்ஸ்வெலின் ஆட்கள் இடிக்க வந்தது ஜூன் மாதத்தில், அதுவும் சனிக்கிழமை. முதல் நாள் இரவே நினியன் மேசையையும் கட்டிலையும் தள்ளுவண்டியில் ஏற்றிக் கட்டியிருந்தான். ஜெர்சிகளை கார்ஸ்வெல் அனுப்பிய ஒருவன் வந்து கேட்டு வாங்கிப்போனான். ஐந்தாம் எண்ணின் முழங்கையை ஐனா தைத்தே கொடுத்தாள். ஆர்ச்சி நடைபாதையில், தன் நாற்காலியில், மடியில் கம்பளியோடு உட்கார்ந்திருந்தான்.

ஊர் வந்திருந்தது. யாரும் கூப்பிடவில்லை. மூன்று மணிக்கு, கழுத்தில் துண்டுகளோடு, வழக்கமாக நிற்கும் இடத்தில் வரிசையாக நின்றார்கள். எக் பெட்டியைக் கொண்டுவந்திருந்தான்.

சாலையோரம் இருந்ததால் இயந்திரம் முதலில் வீட்டுப் பக்கம்தான் வந்தது. செங்கற்கள் அதிகச் சத்தமில்லாமல் சரிந்தன. பிறகு மதில், துண்டு துண்டாக. மாலைக்குள் சாலைக்கும் புல்லுக்கும் நடுவே முழங்கால் உயரச் செங்கல் குவியல் இருந்தது. அதற்கப்பால் கோல் கம்பங்கள், வெளிறிப்போன சுண்ணாம்புக் கோடுகள்.

"இப்ப உள்ள போலாமே, நினியன்," என்றாள் ஐனா. "டிக்கெட்டும் இல்ல, மதிலும் இல்ல."

அவன் தள்ளுவண்டியின் கயிற்றை, ஏற்கெனவே இறுக்கமாக இருந்ததை, மறுபடி இறுக்கினான். வரிசையில் ஒரு காலும் செங்கலைத் தாண்டவில்லை.

எக் பழக்கத்தில் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றான். எட்டிப் பார்க்க ஒன்றும் தடுப்பில்லை. ஆனாலும் கழுத்தை நீட்டினான்.

"எக்," என்று மெக்காடம் கிழவர் பின்னாலிருந்து கேட்டார். "என்னடா தெரியுது?"

எக் செங்கல் குவியலுக்கு மேலாக, வீடு இருந்த இடத்தைப் பார்த்தான்.

"ஐனாவோட அடுப்பு தெரியுது," என்றான். "கெட்டில் இன்னும் அது மேலேயே இருக்கு."